மலையை விட்டு வேறு வேலைக்குப் போகும் பெண்கள்



காலையில் பெரட்டுக்கு வரும் பெண்களின் தொகை வருடா வருடம் குறைந்து வருவதை நீங்களே பார்க்கிறீர்கள். 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்ட காலத்தில், பதிவு பெற்ற தொழிலாளர்கள் 3 இலட்சத்துக்கு மேல் இருந்தார்கள். இப்போது அதில் பாதி கூட இல்லை. “இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உடம்பு வளையாது” என்று பெரியவர்கள் சிலர் சொல்வதை நாங்கள் ஒத்துக்கொள்வதில்லை. வேலை செய்யும் இடம்தான் மாறியிருக்கிறது. கட்டுநாயக்காவில் தையல் மெஷினுக்கு முன்னால் 10 மணித்தியாலம் இருக்கிற பிள்ளையைச் சோம்பேறி என்று யார் சொல்வது?

பெண்கள் எப்படி மலைக்கு வந்தார்கள் என்பதை முதலில் பார்ப்போம். கோப்பிக் காலத்தில் வேலை பருவத்துக்குத்தான். பெரும்பாலும் ஆண்களே இந்தியாவிலிருந்து வந்து, பழம் பறித்து முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டார். அதன் பிறகு கோப்பி இலைநோயில் அழிய, எல்லா இடத்திலும் தேயிலை வந்தது. தேயிலை வருடம் முழுக்கத் துளிர்க்கும். கிழமைக்கு ஒரு தடவையாவது அதே செடிக்குத் திரும்பிப் போக வேண்டும். அதனால்தான் குடும்பம் குடும்பமாக லயங்களில் குடியேற்றினார்கள். கொழுந்து பெண்கள் கைக்கு வந்தது.

வேலை வந்ததே தவிர, சரிசமமான சம்பளம் வரவில்லை. ஆணுக்கு ஒரு நாட்சம்பளம், பெண்ணுக்கு அதைவிடக் குறைவு என்றுதான் நீண்ட காலம் இருந்தது. 1984இல் நடந்த வேலைநிறுத்தத்துக்குப் பிறகே இருவருக்கும் ஒரே சம்பளம் என்றானது. (கவ்வாத்து வெட்டுகிறவர் பகல் கழிந்ததும் வீட்டுக்கு வந்துவிடுவார், கொழுந்தெடுக்கிறவர் அந்தி நிறுவை முடியும்வரை நிற்பார் என்ற வித்தியாசம் மட்டும் போகவில்லை. வீட்டுக்கு வந்தும் அடுப்பு அவருக்காகத்தான் காத்திருக்கும்.)

நாடு முழுவதையும் எடுத்தால், வேலை செய்யும் வயதுப் பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்தான் தொழிலில் இருக்கிறார். நகரத்தையும் கிராமத்தையும் விடத் தோட்டத்தில்தான் எப்போதும் கூடுதலான பெண்கள் வேலைக்குப் போனார்கள். அந்தத் தோட்டத்திலிருந்துதான் இப்போது வெளியேறுகிறார்கள். 1978இல் கட்டுநாயக்கா வர்த்தக வலயம் தொடங்கியது. 1992இல் 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் வந்தபோது ‘காமண்ட்’ வேலை ஊர்ப்பக்கத்துக்கே வந்தது. அதற்கிடையில் மத்திய கிழக்குப் பயணமும் தொடங்கிவிட்டது. பிள்ளைகளும் படித்துவிட்டார்கள். ஓ/எல் எழுதிய மகளுக்கு அட்டைக்கடியும் மழைக்குப் படங்கும் வேண்டாம் என்று நினைப்பது தாய்மார்களேதான்.

போவது பிழை என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் செக்ரோலில் பெயர் இருக்கும்போது அந்தப் பெயரோடு சேர்ந்து வருபவை சில உண்டு. அவை கையில் கிடைக்கும் காசில் தெரியாது. அதனால் புது வேலையின் சம்பளத்தை ஒப்பிடும்போது அவற்றை எண்ணாமல் விட்டுவிடுகிறோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாவானது. அந்தச் சம்பளத்தில் ஒரு பெண் மாதம் 20 பேர் போட்டால் 27,000 ரூபா. சட்டப்படி ஆகக் குறைந்தது, சேமலாப நிதிக்கு அவர் சம்பளத்திலிருந்து நூற்றுக்கு 8, அதாவது 2,160 ரூபா கழியும். நிர்வாகம் நூற்றுக்கு 12, அதாவது 3,240 ரூபா போட வேண்டும். நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு நூற்றுக்கு 3, இன்னொரு 810. ஆக நிர்வாகம் போடுவது மட்டும் மாதம் 4,050 ரூபா. இதற்கு மேல் சேவைக்காலப் பணம் இருக்கிறது. நாட்சம்பளக்காரருக்கு ஒரு வருடச் சேவைக்கு 14 நாட் சம்பளம். அதே கணக்கில் 18,900 ரூபா. ஆனால் 5 வருடம் முடித்திருக்க வேண்டும். நாலரை வருடத்தில் விட்டுப் போனால் அந்தக் காசு இல்லை. அவசரப்பட்டு நின்றுவிடும் பிள்ளைகள் இழப்பது பெரும்பாலும் இதைத்தான். பிள்ளைப்பேற்றுச் சம்பளமும் பிள்ளைக் காம்பராவும் வேறு. 2018இல் சட்டம் திருத்தப்பட்டபின், மூன்றாவது பிள்ளைக்கும் முதல் பிள்ளைக்குப் போலவே 12 கிழமை லீவு உண்டு.

இனி புது வேலைகள். ஆடைத் தொழிற்சாலையில் நேரடியாகச் சேர்ந்தால் சேமலாப நிதி, நம்பிக்கை நிதி, பிள்ளைப்பேற்று லீவு எல்லாம் அங்கேயும் உண்டு. ஆனால் போர்டிங் வாடகை, சாப்பாடு, ஊருக்கு வந்துபோகும் பஸ் காசு ஆகியவற்றைக் கழித்துத்தான் மிச்சத்தைப் பார்க்க வேண்டும். ‘மேன்பவர்’ ஆள் மூலம் நாட்கூலிக்குப் போகிறவர்கள் கூடுதல் காசைக் கையில் வாங்கிவிடுவார்கள். அந்த நாட்களுக்குச் சேமலாப நிதி கட்டப்படுகிறதா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். பதில் வராவிட்டால் அதுதான் பதில்.

கொழும்பு வீடுகளுக்கு வேலைக்குப் போவது எங்களுக்கு ஆகக் கவலை தருவது. வீட்டு வேலை செய்கிறவர்களை விலக்கி வைத்தே சேமலாப நிதிச் சட்டம் எழுதப்பட்டது. 20 வருடம் ஒரே வீட்டில் உழைத்தாலும், அந்த வீட்டார் மனம்வைத்தால்தான் கடைசியில் கையில் ஏதாவது கிடைக்கும். வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் பணியகத்தில் பதிந்து, ஒப்பந்தம் எழுதிக்கொண்டே போக வேண்டும். விசிட் விசாவில் அனுப்புகிறேன் என்று வரும் தரகரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். போவது மட்டும் சுலபம், பிரச்சினை வந்தால் கேட்க நாதியில்லை.

தோட்டத்துக்குள்ளேயே ஒரு மாற்றமும் நடக்கிறது. சில இடங்களில் குடும்பத்துக்கு இத்தனை செடி என்று பிரித்துக் கொடுத்து, கிலோவுக்குக் காசு கொடுக்கிறார்கள். நேரம் நம் கையில், வீட்டுக்காரரும் பிள்ளைகளும் கைகொடுக்கலாம் என்பது நல்லதுதான். ஆனால் உரத்துக்கும் மருந்துக்கும் எவ்வளவு கழிப்பார்கள், அந்தக் கொழுந்து யார் பெயரில் விழும், செக்ரோலில் பேர் போடப்படுமா, இவற்றைக் கையெழுத்து வைக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். பெண் எடுத்த கொழுந்து புருஷன் பெயரில் விழுந்தால், காசும் அவர் கைக்கே போகும். நிதியில் இவருக்கு ஒரு சதமும் சேராது.

கடைசியாக ஒன்று. செக்ரோலில் ‘லெச்சுமி’, அடையாள அட்டையில் ‘லட்சுமி’, பிறப்புச் சான்றிதழில் வேறொன்று என்று இருப்பவர்கள் எமது தோட்டங்களில் ஏராளம். பெண்கள் வேலையை விட்டு நின்றபின் 50 வயதில் சேமலாப நிதியை எடுக்கலாம். அப்போது இந்தப் பெயர்ப் பிசகினால் மாதக்கணக்கில் அலைய வேண்டிவரும். எனவே வேறு வேலைக்குப் போவதென்றால், போகும் முன்னரே அடையாள அட்டையோடு தோட்டக் கந்தோருக்குப் போய்ப் பெயரையும் இலக்கத்தையும் சரிபாருங்கள். உங்கள் சேமலாப நிதி இலக்கத்தையும் கடைசி மீதிப் பத்திரத்தையும் கேட்டு வாங்கி, பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து வையுங்கள்.