வடிவமைப்புக் கல்வியில் மதிப்பிடல்

உருவாக்கப்படும் ஒரு பொருள் யாருக்காக, எந்தத் தேவைக்காக உருவாகிறதோ அதற்குப் பொருந்துகிறதா என்று சோதித்து முடிவு செய்வதே வடிவமைப்புக் கல்வியில் மதிப்பிடல் எனப்படுகிறது. இங்கிலாந்தில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்ற பாடம் 1990-இல் தேசியப் பாடத்திட்டத்தில் சேர்க்கப்பட்டது. 2014 முதல் நடைமுறையில் உள்ள பாடத்திட்டம் இப்பாடத்தை வடிவமைத்தல், செய்தல், மதிப்பிடல், தொழில்நுட்ப அறிவு என்று பகுத்துக் கூறுகிறது. சிறு வகுப்புகளில் ஏற்கெனவே உள்ள பொருள்களை ஆராய்வதில் தொடங்கி, பிறர் கருத்தைக் கேட்பது, 11 முதல் 14 வயதில் பயனர்களின் பார்வையையும் சேர்த்து விவரக்குறிப்போடு ஒப்பிட்டுச் சோதிப்பது என இது வளர்கிறது.

மதிப்பிடல் மூன்றாவதாக அச்சிடப்பட்டிருப்பதாலோ என்னவோ, பொருளைச் செய்து முடித்த பிறகு எழுத வேண்டிய ஒரு பக்கம் என்றே பல மாணவர்கள் அதை எண்ணுகின்றனர். "நன்றாக வந்துள்ளது, நேரம் இருந்தால் வேறு நிறம் பூசியிருப்பேன்" என்ற வகையில் அந்தப் பக்கம் முடிந்துவிடும். அப்போது எந்தக் குறையைக் கண்டுபிடித்தாலும் பயனில்லை. பலகை வெட்டப்பட்டுவிட்டது, பசை காய்ந்துவிட்டது.

1980-களின் பிற்பகுதியில் இலண்டன் கோல்ட்சுமித்சு கல்லூரியில் ரிச்சர்ட் கிம்பெல், கே சுடேபிள்சு உள்ளிட்ட குழுவினர் 15 வயது மாணவர்களின் வடிவமைப்புத் திறனைப் பெரிய அளவில் ஆராய்ந்தனர். வடிவமைப்பைப் படிப்படியான வரிசையாகக் காட்டும் முறையை அவர்கள் ஏற்கவில்லை. மனத்தில் மங்கலாக இருக்கும் எண்ணம் தாளிலோ அட்டையிலோ உருப்பெற்றதும் அதன் குறை கண்ணில் படுகிறது. அதைக் கண்ட மனம் எண்ணத்தை மாற்றுகிறது. மனத்துக்கும் கைக்கும் இடையே நடக்கும் இந்தப் போக்குவரத்தையே அவர்கள் வடிவமைப்பு என்றனர். அப்படிப் பார்த்தால் மதிப்பிடல் ஒவ்வொரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவில் நிகழ்வது. வரிசையை வற்புறுத்தி மதிப்பெண் தரும்போது விபரீதமும் நேர்கிறது: பொருளைச் செய்து முடித்த மாணவர், "தொடக்க எண்ணங்கள்" என்று நான்கு படங்களைப் பின்னர் வரைந்து ஒட்டுகிறார்.

வகுப்பறையில் இதை மாற்றுவதற்கு முதலில் விவரக்குறிப்பைச் சோதிக்கத்தக்கதாக எழுதப் பழக்க வேண்டும். கைப்பேசித் தாங்கி ஒன்றை எடுத்துக்கொள்வோம். "உறுதியாக இருக்க வேண்டும்" என்பதை எவ்வாறு சோதிப்பது? "மின்னூட்டக் கம்பி செருகியிருக்கும்போது திரையை விரலால் தட்டினாலும் பின்பக்கம் சாயக் கூடாது" என்பதைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும். பழைய அட்டைப்பெட்டியை வெட்டி மடித்த மாதிரியிலேயே இச்சோதனையைச் செய்துவிடலாம். கம்பி செருகும் இடத்தைத் தாங்கியின் அடிப்பகுதி மறைக்கிறது என்பது அட்டையில் தெரிந்தால் கத்தரிக்கோலால் சரியாகிவிடும். அக்ரிலிக்கில் தெரிந்தால் தகடே வீண்.

பயனரைக் கேட்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அமெரிக்காவின் ஆக்சோ நிறுவனத்தின் அளவுக் குவளை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வழக்கமான குவளையில் என்ன குறை என்று கேட்டபோது, விழுந்தால் உடைகிறது, பிடி வழுக்குகிறது என்பன போன்றவற்றையே மக்கள் சொன்னார்கள். ஆனால் அவர்கள் அளப்பதைக் கவனித்தபோது, ஊற்றுவதும் குனிந்து பார்ப்பதும் மீண்டும் ஊற்றுவதுமாக இருந்தனர். பழகிப்போனதால் அது குறையாகவே அவர்களுக்குத் தோன்றவில்லை. குவளைக்குள் சாய்வாக அளவுக்கோடுகள் அமைக்கப்பட்டன. நின்றபடியே மேலிருந்து படிக்க முடிந்தது. ஆகவே "பிடித்திருக்கிறதா?" என்று பக்கத்து இருக்கை நண்பரிடம் கேட்பதைவிட, மாதிரியைப் பயனர் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பது அதிகம் கற்பிக்கும். மாணவர்களுக்கு இந்த மௌனம்தான் கடினம். தம் பொருளுக்காக வாதாட உடனே தொடங்கிவிடுவார்கள்.

2017-இல் தொடங்கிய இங்கிலாந்தின் புதிய பொதுச் சான்றிதழ்த் தேர்வுப் பாடத்திட்டத்தில் சுழற்சி முறை வடிவமைப்பு வலியுறுத்தப்படுகிறது. மொத்த மதிப்பெண்ணில் பாதி, மாணவர் செய்யும் வடிவமைப்புப் பணிக்கு உரியது. இத்தகைய பணியைத் திருத்தும் ஆசிரியர், சாய்ந்து விழுந்த அட்டை மாதிரியின் படத்தையும் அதன் கீழே "அடிப்பாகத்தை அகலமாக்கினேன்" என்ற ஒரு வரியையும் கண்டால், அழகாகத் தட்டச்சு செய்த இறுதிப் பக்கத்தைவிட அதற்கே கூடுதல் மதிப்பளிக்க வேண்டும். எதற்கு மதிப்பெண் கிடைக்கிறது என்பதை மாணவர்கள் விரைவில் கண்டுகொள்வார்கள்.