கொடி தந்த கொடை

பசித்து வந்தார்க்கு ஒருவேளை உணவளித்தல் நல்லறமே. ஆயினும், ஆண்டுதோறும் பயன்தரும் நிலத்தை அறத்திற்கென விட்டுச் செல்லுதல் அதனினும் சிறந்ததாகும். கொடுத்தவர் மறைந்த பின்னரும் அக்கொடை மறையாது நின்று உதவும். பிரான்சு நாட்டில், பர்கண்டிப் பகுதியைச் சேர்ந்த போன் என்னும் சிறு நகரின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

பதினைந்தாம் நூற்றாண்டில் பிரான்சும் இங்கிலாந்தும் இயற்றிய நூறாண்டுப் போரால் பர்கண்டி மக்கள் பெரிதும் நலிந்தனர். 1435-ஆம் ஆண்டில் பர்கண்டிக் கோமகனும் பிரெஞ்சு மன்னனும் உடன்படிக்கை செய்துகொண்டனர். எனினும் மக்கள் துயர் தீரவில்லை. ஊதியமிழந்த படைவீரர்கள் ஊர்களைச் சூறையாடினர். பஞ்சமும் நோயும் பின்தொடர்ந்தன.

அந்நாளில் கோமகனுக்குத் தலைமை அமைச்சராய் விளங்கியவர் நிக்கோலா ரோலன் என்பார். அவரும் அவர்தம் மனைவியார் கிகோன் அம்மையாரும் 1443-ஆம் ஆண்டில் வறியோர்க்கென ஒரு மருத்துவச்சாலையை நிறுவினர். 1452-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் முதல் நாளன்று முதல் நோயாளி அங்கே சேர்க்கப்பெற்றார்.

மருத்துவச்சாலையை எழுப்புதல் ஒருமுறை செய்யும் செயல். அதனை நடத்துதலோ நாள்தோறும் செய்யவேண்டிய செயல். உணவும் மருந்தும் விறகும் ஒருநாளும் குறைதல் கூடாது. இக்குறை நேராவண்ணம் காத்தவற்றுள் திராட்சைத் தோட்டங்கள் சிறப்புடையன. 1457-ஆம் ஆண்டில் கியமெத் லெவெர்னியே என்னும் பெண்மணி தம் தோட்டத்தை மருத்துவச்சாலைக்கு வழங்கினார். அதுவே முதற்கொடை. அவரைப் பின்பற்றி நூற்றாண்டுதோறும் பலர் தத்தம் தோட்டங்களை அளித்தனர். இன்று அவற்றின் பரப்பு ஏறத்தாழ 60 எக்டேர், அதாவது 150 ஏக்கர் அளவினதாகும்.

அத்தோட்டங்களின் கனிச்சாற்றைப் புளிக்கவைத்துத் தேறல் வடிப்பர். 1859-ஆம் ஆண்டு தொடங்கி அதனை ஏலத்தில் விற்று வருகின்றனர். நவம்பர்த் திங்கள் மூன்றாம் ஞாயிறன்று, 228 லிட்டர் கொள்ளும் மரப்பீப்பாய்களாக அஃது ஏலம் விடப்பெறும். மெழுகுத்திரி எரிந்து அணையுமளவும் விலை கூறுதல் அங்கே பண்டைய வழக்கம். வரும் பொருள் மருத்துவமனையின் தேவைகளுக்கும் பழங்கட்டடத்தைப் பேணுதற்கும் செலவிடப்பெறுகின்றது. 1978-ஆம் ஆண்டு முதல், தனியாக வைக்கப்பெறும் பீப்பாயின் விற்பனைப் பொருள் பிற அறநிலையங்களுக்கும் சென்று உதவுகின்றது.

உறைபனியாலும் ஆலங்கட்டி மழையாலும் விளைச்சல் குன்றிய ஆண்டுகளும் உண்டு. ஆனால், ஓராண்டு பொய்த்த கொடி மறுவாண்டு தளிர்க்கும். முதிர்ந்து பட்டுப்போன கொடிக்கு ஈடாகப் புதுக்கொடி நடப்பெறும். நிலம் நிலைத்திருத்தலின் அறமும் நிலைத்தது.

1971-ஆம் ஆண்டில் நோயாளர் புதிய கட்டடங்களுக்கு மாற்றப்பெற்றனர். பழைய மாளிகை இன்று அருங்காட்சியகமாய் விளங்குகின்றது. தோட்டங்களோ தம் பணியினின்று ஓய்வு பெற்றில. கொடையாளர் பலருடைய பெயர்கள் அவர்கள் நினைவாகத் தேறல் வகைகளுக்கு இடப்பெற்றுள்ளன. ரோலன் பெயரும் கிகோன் அம்மையார் பெயரும் அவற்றுள் அடங்கும். முகமறியாப் பிற்காலத்தார் பிணி தீர வேண்டுமென அன்று ஒரு பெண்மணி ஈந்த நிலம், ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தொடரும் ஓர் அறத்திற்கு வித்தாயிற்று.