இரும்பை அறுக்கும் மின்னல்

நெருப்பைக் கண்டால் குழந்தைகூட விலகிக்கொள்ளும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத அபாயத்தைக் கண்டு யார் விலகப் போகிறார்கள்? பிளாஸ்மா கட்டிங் யந்திரத்தின் விஷயம் இதுதான்.

பார்வைக்கு ஒரு சிறு பெட்டி. அதிலிருந்து நீளும் கேபிள். அதன் நுனியில் கைக்கு அடக்கமான ஒரு டார்ச். விசையை அழுத்தியதும் நீலச் சுடர் சீறிக்கொண்டு கிளம்புகிறது. அரை அங்குலக் கனமுள்ள இரும்புத் தகடு இரண்டு துண்டாகி விழுகிறது. நாலாபுறமும் பொறி பறக்கிறது. பார்க்கிறவர்கள் அந்தப் பொறிக்குத்தான் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியதுதான், ஆனால் அதையாவது கண்ணால் காண முடிகிறது. தொழிலாளியைச் சத்தமில்லாமல் கெடுப்பவை வேறு நான்கு: ஒளி, புகை, மின்சாரம், மூடிய பாத்திரம்.

பிளாஸ்மா என்பது என்ன?

பனிக்கட்டியைச் சூடாக்கினால் நீராகிறது. நீரைச் சூடாக்கினால் ஆவியாகிறது. ஒரு வாயுவை அதற்கும் மேலே, ஆயிரக்கணக்கான டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் கழன்று விடுகின்றன. அந்த நிலையில் வாயு மின்சாரத்தைக் கடத்தத் தொடங்குகிறது. 1928-ல் அமெரிக்க விஞ்ஞானி இர்விங் லாங்மூர் இந்த நிலைக்குப் 'பிளாஸ்மா' என்று பெயரிட்டார். வானத்து மின்னலும் பிளாஸ்மாதான்.

காஸ் கட்டிங்கில் இரும்பு பிராணவாயுவில் எரிந்து அறுபடுகிறது. எவர்சில்வரும் அலுமினியமும் அவ்விதம் அறுபடுவதில்லை. இந்தத் தொல்லைக்கு வழி காட்டியவர், அமெரிக்காவில் யூனியன் கார்பைடு கம்பெனியின் லிண்டே பிரிவில் பணிபுரிந்த ராபர்ட் கேஜ். மின்சுடரை ஒரு குறுகலான துவாரத்தின் வழியே நெருக்கி அனுப்பினால் அதன் உஷ்ணமும் வேகமும் பன்மடங்கு பெருகும் என்று அவர் காட்டினார். அதற்கு 1957-ல் காப்புரிமை கிடைத்தது. இந்தச் சுடரின் உஷ்ணம் 20,000 டிகிரி செல்ஷியஸ் வரை போகும். சூரியனின் மேற்பரப்பே சுமார் 5,500 டிகிரிதான்!

இன்று கம்ப்ரஸர் காற்றே இதற்குப் போதும். ஆகையால் பெரிய தொழிற்சாலைகளில் மட்டுமின்றி, தெருமுனைக் கிரில் பட்டறையிலும் இந்த யந்திரம் வந்து உட்கார்ந்துவிட்டது. யந்திரம் வந்த வேகத்தில் ஜாக்கிரதை வந்து சேரவில்லை என்பதுதான் குறை.

நள்ளிரவில் வரும் கண்வலி

சுடரிலிருந்து கண்ணைக் கூசும் வெளிச்சத்தோடு புற ஊதாக் கதிர்களும் வெளிப்படுகின்றன. அவை கண்ணின் கருவிழிப் பரப்பைச் சுட்டுவிடும். அந்த நேரத்தில் ஒன்றும் தெரியாது. ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, நடுநிசியில், கண்ணில் மணலை வாரிப் போட்டாற்போல் எரிச்சல் எழும்பும். உருளைக்கிழங்கு வில்லையை வைத்துக் கட்டுவதும், கண்ட சொட்டு மருந்தை விடுவதும் கூடாது. கண் மருத்துவரிடம் போவதே சரி.

கறுப்புக் கூலிங்கிளாஸ் இதற்கு உதவாது. வெல்டிங் கண்ணாடிக்கு எண் உண்டு. 20 முதல் 40 ஆம்பியர் வரை குறைந்தது 5-ம் எண். 60 ஆம்பியர் வரை 6-ம் எண். அதற்கு மேல் 80 வரை 8-ம் எண் வேண்டும். மின்சாரம் கூடக் கூட எண்ணும் கூட வேண்டும்.

டார்ச் பிடிப்பவர் கண்ணாடி போட்டுக்கொள்கிறார். தகட்டைப் பிடித்துக்கொள்ளும் உதவிப் பையனுக்கு? பட்டறை வாசலில் வேடிக்கை பார்க்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு? கதிர் ஆள் பார்த்துத் தாக்குவதில்லை. தெருவைப் பார்த்த பக்கத்தில் ஒரு மறைப்புத் தட்டி அவசியம். கண்ணைக் காக்கத் திரையோ கண்ணாடியோ வேண்டும் என்று 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே வற்புறுத்தியது.

பாலும் வெல்லமும் காப்பாற்றுமா?

துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகட்டை அறுத்தால் வெள்ளைப் புகை கிளம்பும். அதைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் மலேரியாவைப் போல் வரும். ஓரிரு நாளில் சரியாகிவிடுவதால் 'சூட்டுக் காய்ச்சல்' என்று விட்டுவிடுகிறார்கள். எவர்சில்வர் தகட்டின் புகை இன்னும் பொல்லாதது. அதில் உள்ள ஒரு வகைக் குரோமியம் ஆண்டுக்கணக்கில் உள்ளே போனால் நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது.

ஒரு தம்ளர் பாலும் ஒரு துண்டு வெல்லமும் இந்த விஷத்தை முறித்துவிடும் என்ற நம்பிக்கை பட்டறைகளில் வெகுநாளாக உண்டு. பால் வயிற்றுக்குப் போகிறது. புகையோ நுரையீரலுக்குப் போகிறது! புகையை உறிஞ்சி வெளியே தள்ளும் விசிறியும், உலோகப் புகையைத் தடுக்கும் முகமூடியுமே உண்மையான காப்பு. மூக்கில் கட்டிய கைக்குட்டை எதையும் தடுக்காது.

இன்னொன்று: எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கக் குளோரின் கலந்த கரைப்பான்களை உபயோகித்த இடத்துக்கு அருகே சுடர் ஏற்றக் கூடாது. அவற்றின் ஆவி சுடரின் கதிர்களால் மாறி 'பாஸ்ஜீன்' ஆகலாம். முதல் உலக யுத்தத்தில் போர்வீரர்களைக் கொன்ற விஷவாயு அது.

வெல்டிங் அனுபவம் போதாது

"இருபது வருஷமாக வெல்டிங் செய்கிறேன், எனக்குத் தெரியாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. சாதாரண வெல்டிங் யந்திரத்தில் சுமார் 80 வோல்ட்தான். பிளாஸ்மா யந்திரத்தில் 200 முதல் 400 வோல்ட் வரை உண்டு. வேர்வையில் நனைந்த கையுறையும் ஈரத் தரையும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

டார்ச்சின் நாசிலையும் எலெக்ட்ரோடையும் மாற்றுமுன் யந்திரத்தின் மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும். விசையிலிருந்து விரலை எடுத்தால் மட்டும் போதாது. எர்த் கிளாம்பை அறுபட்டு விழப்போகும் துண்டில் மாட்டாமல், நிற்கப்போகும் தகட்டில், துருவையும் பெயிண்டையும் சுரண்டிவிட்டு மாட்ட வேண்டும். பல யந்திரங்களில் டார்ச் தகட்டைத் தொடாமலே விசையை அழுத்தியதும் சுடர் வந்துவிடும். அது கையுறையையும் துளைக்கும். சிறு துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு அறுக்கவே கூடாது. இருதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் மருத்துவரைக் கேளாமல் அருகில் வருவது தகாது.

காலி டிரம் காலியல்ல

பழைய எண்ணெய் டிரம்மை இரண்டாக அறுத்துத் தொட்டியாக்கித் தரும்படி யாராவது கொண்டுவருவார்கள். உள்ளே ஒன்றுமில்லை என்று கவிழ்த்தும் காட்டுவார்கள். ஆனால் மடிப்புகளில் ஒட்டியிருக்கும் எண்ணெய் சூட்டில் ஆவியாகி, காற்றோடு கலந்து வெடிகுண்டாகிறது. ஒரு தடவை தண்ணீர் ஊற்றி அலம்புவதால் அபாயம் போகாது. முறைப்படி சுத்தம் செய்து, உள்ளே வாயு இல்லை என்று சோதித்த டிரம்மைத் தவிர வேறெதையும் தொடாமல் திருப்பி அனுப்புவதே புத்திசாலித்தனம்.

தண்ணீர் மேஜையில் வைத்து அலுமினியம் அறுப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. உருகிய அலுமினியம் நீரிலுள்ள பிராணவாயுவைப் பிடித்துக்கொண்டு ஹைட்ரஜனை விட்டுவிடுகிறது. அது தகட்டின் அடியில் தங்கி நின்று, அடுத்த சுடருக்கு வெடிக்கும். தண்ணீருக்குள் காற்றைச் செலுத்திக் கலக்கி அந்த வாயுவை வெளியேற்ற வேண்டும்.

லுங்கியும் ரப்பர் செருப்பும்

பொறிக்கு வருவோம். லுங்கி, நைலான் சட்டை, ரப்பர் செருப்பு மூன்றும் இந்த வேலைக்கு ஆகாது. கனத்த பருத்தி உடை, தோல் கையுறை, கால் முழுவதையும் மூடும் பூட்ஸ் வேண்டும். சட்டைப் பையில் லைட்டர் கூடாது. காதை அடைக்கும் இரைச்சலுக்குக் காதடைப்பான் தேவை. 35 அடிக்குள் எரியக்கூடிய பொருள் எதுவும் இருக்கக் கூடாது. வேலை முடிந்த பிறகும் ஒருவர் ஒரு மணி நேரமாவது அந்த இடத்தைக் கவனித்துக்கொள்ள வேண்டும். மூலையில் விழுந்த பொறி சாவகாசமாகத்தான் பற்றும்.

இவ்வளவுக்கும் ஆகும் செலவு யந்திரத்தின் விலையில் ஒரு சிறு பகுதிதான். யந்திரத்தை வாங்கும் முதலாளி, இரண்டு பேருக்குக் கண்ணாடியும் முகமூடியும் ஒரு மறைப்புத் தட்டியும் சேர்த்தே வாங்க வேண்டும். ஒன்று டார்ச் பிடிக்கும் கைக்கு. மற்றொன்று, கேட்க வாயில்லாமல் பக்கத்தில் நிற்கும் பையனுக்கு.