குளக்கரை உடைப்பை அடைக்க எந்த இயந்திரம் ஏற்றது?

வடகிழக்குப் பருவமழைக்கு முன் குளக்கரையைச் சரிசெய்ய நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது, 'ஜேசிபி மணிக்கு எவ்வளவு?' என்பதைத்தான். அதற்கு முன் மூன்றைக் கேளுங்கள். எவ்வளவு மண் தேவை? அது எங்கிருந்து வரும்? அதை எதைக் கொண்டு இறுக்கப் போகிறீர்கள்? மூன்றாவதை மறந்து வெறுமனே கொட்டிய கரை, முதல் பெருமழையிலேயே அறுத்துக்கொண்டு போய்விடும்.

மண் கணக்கு

உடைப்பின் நீளம் 10 மீட்டர், கரையின் உயரம் 2 மீட்டர், மேல் அகலம் 1.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இருபுறமும் 2:1 சரிவு விட்டால் அடி அகலம் 9.5 மீட்டர் வரும். தேவைப்படும் மண் 110 கன மீட்டர். இறுகும்போது மண் அமுங்கும் என்பதால் கால் பங்கு கூட்டினால் சுமார் 138 கன மீட்டர். ஒரு டிராக்டர் டிப்பர் ஒரு யூனிட் (100 கன அடி) கொள்ளும் என்றால், ஏறக்குறைய 50 நடை.

எந்த வேலைக்கு எது?

ஜேசிபி: டயர் வண்டி. சாலையில் தானே ஓடி வந்துவிடும். சிறு உடைப்புக்கும், டிப்பரில் மண் ஏற்றவும் போதும். சேற்றில் இறங்கினால் புதைந்துவிடும்.

ஹிட்டாச்சி போன்ற செயின் வண்டி: எடையைப் பரப்பித் தாங்குவதால் ஈரத் தரையிலும் நிற்கும். ஆனால், டிரெய்லரில் ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும். வழியிலுள்ள சிறுபாலங்கள் அந்தச் சுமையைத் தாங்குமா என்று முன்கூட்டியே பாருங்கள். வேலை அதிகமிருந்தால்தான் போக்குவரத்துச் செலவு கட்டும்.

டோசர்: நீளமான கரையில் மண்ணைத் தள்ளிப் பரப்ப ஏற்றது.

இறுக்குவதே முக்கியம்

செயின் வண்டி கரைமேல் நான்கு முறை ஓடினால் மண் இறுகிவிடும் என்று நம்ப வேண்டாம். சேற்றில் புதையாமல் இருக்க எடையைப் பரப்பும் அதே செயின், மண்ணையும் குறைவாகவே அழுத்துகிறது. ரோலர் கிடைத்தால் நல்லது. இல்லையேல் மண் நிரப்பிய டிராக்டர் டிப்பரைத் தடம் மாற்றி மாற்றி ஓட்டுங்கள்.

முதலில் உடைப்பின் அடியிலுள்ள சேறு, புல், வேர்களை அகற்றுங்கள். பழைய கரையின் இரு முனைகளையும் படிபோல வெட்டினால்தான் புதுமண் பிடிக்கும். 15 முதல் 20 செ.மீ. கனத்துக்கு மண்ணைப் பரப்பி, ஒவ்வோர் அடுக்காக இறுக்குங்கள். மண்ணைக் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும். விரலில் ஒட்டக் கூடாது. பொடிந்தால் தண்ணீர் தெளியுங்கள்.

காட்டுப்பள்ளி போன்ற மணற்பகுதியில்

கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் இடைப்பட்ட காட்டுப்பள்ளியில், உள்ளூர் மணலை மட்டும் கொண்டு கரை போட்டால் நீர் கசிந்துவிடும். கரையின் நடுவிலாவது களிமண் சுவர் வேண்டும். களிமண் தொலைவிலிருந்து வர வேண்டியிருந்தால், செலவைத் தீர்மானிப்பது தோண்டும் இயந்திரமல்ல, டிப்பர் நடைதான்.

இங்கே பெரிய இயந்திரத்தில் இன்னோர் ஆபத்தும் உண்டு. கை நீளம் என்பதற்காக ஆழமாகத் தோண்டிவிடுவார்கள். கடலோர மணலில் நன்னீர், உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 அடி நன்னீர் இருக்கும் என்பது பொதுக் கணக்கு. மேலே குறையக் குறையக் கீழிருந்து உப்பு ஏறும். அளவுக்கு மீறி நிலத்தடி நீரை இறைத்ததால் கடல்நீர் உட்புகுந்த மீஞ்சூர் பகுதி நமக்குப் பக்கத்துப் பாடம். எனவே குளத்தை ஆழப்படுத்துவதைவிட அகலப்படுத்துவதே பாதுகாப்பு.

வேலைக்கு முன்

ஊர்ப் பொதுக்குளம் என்றால் ஊராட்சியின் ஒப்புதலும், மண் எடுக்க உரிய அனுமதியும் பெறுங்கள். வேளாண்மைப் பொறியியல் துறை இயந்திரங்களை வாடகைக்கு விடுகிறது. உழவன் செயலியிலும் முன்பதிவு செய்யலாம். வாடகை எந்த நேரத்திலிருந்து தொடங்கும், டீசல் யார் பொறுப்பு என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். ஒதுக்குப்புற இடமானால் டீசலும் கிரீஸும் கையிருப்பில் இருக்கட்டும். செப்டம்பருக்குள் வேலையை முடித்து, சரிவில் அறுகம்புல் பதித்துவிட்டால் மழை வருமுன் வேர் பிடித்துவிடும்.