பான்டூன் படகில் தூண்டில் போடும் முன்: ஆபத்து, சட்டம், உரிமை

கோடை வந்துவிட்டால் அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவும் ஏரிகளுக்குக் கிளம்பிவிடுகின்றன. இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு பான்டூன் படகை வாடகைக்கு எடுக்கின்றன. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா கூரை நிழலில் உட்கார, பிள்ளைகள் முன்தளத்தில் நின்று தூண்டில் போடுகிறார்கள். படகே ஓட்டிப் பழகாதவர் அன்று சுக்கானைப் பிடித்திருப்பார். இந்தக் கட்டுரை அவருக்கும், அவரை நம்பி ஏறுகிறவர்களுக்கும்தான்.

1950களின் தொடக்கத்தில் மின்னசோட்டா மாநிலத்தின் ரிச்மண்ட் ஊரில், அம்புரோஸ் வீரஸ் என்ற விவசாயி எஃகுப் பீப்பாய்களை இரண்டு வரிசையாகப் பற்றவைத்து, மேலே மரத்தளம் போட்டு மிதக்கவிட்டார். பான்டூன் படகின் தொடக்கம் அதுதான். இன்று பீப்பாய்களின் இடத்தில் இரண்டு அல்லது மூன்று அலுமினியக் குழாய்கள் இருக்கின்றன. தட்டையான தளமும் சுற்றிலும் கைப்பிடிக் கம்பியுமாக, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பதைப் போன்ற தைரியத்தை இந்தப் படகு தருகிறது. அந்தத் தைரியத்தில்தான் லைஃப் ஜாக்கெட் இருக்கைக்கு அடியிலேயே கிடந்துவிடுகிறது. அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் கணக்குப்படி, 2023இல் பொழுதுபோக்குப் படகு விபத்துகளில் 564 பேர் இறந்தார்கள். காரணம் தெரிந்த மரணங்களில் நான்கில் மூன்று பங்கு நீரில் மூழ்கியவை. அப்படி மூழ்கி இறந்து, விவரம் பதிவானவர்களில் 87 சதவீதம் பேர் லைஃப் ஜாக்கெட் அணிந்திருக்கவில்லை.

ஆபத்து எங்கே இருக்கிறது?

முதல் ஆபத்து முன்தளம். படகு ஓடும்போது முன்கதவைத் திறந்து வைத்தோ, கம்பிக்கு வெளியே கால்களைத் தொங்கவிட்டோ உட்காரக் கூடாது. அங்கிருந்து விழுபவர் இரண்டு குழாய்களுக்கு நடுவில் போய், பின்னால் சுழலும் புரொப்பெல்லரில் சிக்கிவிடக்கூடும். பல மாநிலங்களில் இப்படி உட்காருவது சட்டப்படியும் குற்றம். எஞ்சினை நிறுத்திய பிறகே முன்தளத்தில் நின்று தூண்டில் வீசுங்கள்.

இரண்டாவது, பாரம். பெரிய மீன் மாட்டியதும் எல்லோரும் ஒரே பக்கம் ஓடிவருவது வழக்கம். முன்பக்கம் பாரம் கூடிய நேரத்தில் எதிரலை வந்தால் முனை தண்ணீருக்குள் இறங்கி, தளமெங்கும் நீர் புகுந்துவிடும். கூரை விரித்த பான்டூனைக் காற்றும் எளிதில் தள்ளிக்கொண்டு போகும். நங்கூரத்தை முன்பக்கத்திலிருந்தே இறக்க வேண்டும். பின்பக்கம் கட்டினால் எஞ்சின் இருக்கும் தாழ்ந்த பகுதி வழியே அலை ஏறிவிடும்.

மூன்றாவது, கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத கார்பன் மோனாக்சைடு. எஞ்சின் ஓடும்போது பின்பக்க ஏணியருகே நீந்துபவர்களையும், நாலுபுறமும் திரை போட்ட கூரைக்குள் இருப்பவர்களையும் இந்த நச்சுவாயு தாக்கும். தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு வந்தால் வெயில்தான் காரணம் என்று விட்டுவிடாதீர்கள். எஞ்சினை நிறுத்தி, பாதிக்கப்பட்டவரை நல்ல காற்றுக்குக் கொண்டுவந்து, உதவிக்கு அழையுங்கள்.

நான்காவது, குளிர்நீர். வசந்த காலத்தில் வெயில் இதமாக இருந்தாலும் வடமாநில ஏரிகளின் நீர் கடும் குளிராக இருக்கும். விழுந்ததும் மூச்சு திணறும், சில நிமிடங்களில் கைகால் மரத்துவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவரும் அப்போது லைஃப் ஜாக்கெட் இல்லாமல் தாக்குப்பிடிப்பது கடினம்.

சட்டம் என்ன கேட்கிறது?

படகில் ஏறும் ஒவ்வொருவருக்கும் அவரவர் உடலுக்குப் பொருந்தும், கடலோரக் காவல்படை அங்கீகரித்த லைஃப் ஜாக்கெட் இருக்க வேண்டும். 16 அடியும் அதற்கு மேலும் நீளமுள்ள படகில் வீசி எறியும் மிதவை ஒன்றும் வேண்டும். மாநிலம் வேறு வயது வரம்பு வகுக்காத இடத்தில், ஓடும் படகில் 13 வயது நிரம்பாத குழந்தைகள் லைஃப் ஜாக்கெட்டை அணிந்தே தீரவேண்டும். கையில் மாட்டும் காற்றடைத்த வளையங்கள் இதற்கு ஈடாகாது.

26 அடிக்குக் குறைவான படகில் எஞ்சினை நிறுத்தும் அவசரக் கயிறு பொருத்தப்பட்டிருந்தால், வேகமாக ஓட்டும்போது ஓட்டுநர் அதைத் தன் உடலோடு இணைத்திருக்க வேண்டும். 2021 ஏப்ரல் 1 முதல் இது நடுவண் சட்டம். ஓட்டுநர் விழுந்தால் எஞ்சின் தானே நின்றுவிடும். குடித்துவிட்டுப் படகு ஓட்டுவதும் குற்றமே. டெக்சாஸில் 1993 செப்டம்பர் 1 அன்றோ அதன் பின்னரோ பிறந்தவர், 15 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட படகை ஓட்டப் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும்.

மீன்பிடி உரிமத்தை மாநிலங்கள்தாம் தருகின்றன. பொதுவாகப் படகுக்கு ஒன்று வாங்கினால் போதாது, தூண்டில் பிடிக்கும் ஒவ்வொரு பெரியவரும் வாங்க வேண்டும். விசாவில் இருப்பவரும் வாங்கலாம். உள்மாநிலத்தவருக்கான குறைந்த கட்டணம் பெற மின்னசோட்டாவில் 60 நாளும், டெக்சாஸில் ஆறு மாதத்துக்கு மேலும் அங்கே வசித்திருக்க வேண்டும். ஊரிலிருந்து வந்த பெற்றோருக்கு ஒருநாள் உரிமம் பல மாநிலங்களில் கிடைக்கிறது. பிடித்த மீனைக் குழம்பு வைக்கும் முன், அந்த ஏரி மீனில் பாதரசம் பற்றிய மாநில அரசின் எச்சரிக்கையைப் பாருங்கள். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் இது மிக முக்கியம்.

வாடகைக்கு எடுப்பவரின் உரிமை

எத்தனை பேர் ஏறலாம், எந்த இடத்தில் ஆழம் குறைவு, தீயணைப்பான் எங்கே என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். லைஃப் ஜாக்கெட் கிழிந்திருந்தால் வேறு கேளுங்கள். மறுத்தால் ஏறாதீர்கள். ஒப்பந்தத்தைப் படித்துக் கையெழுத்திடுங்கள், அதன் நகலையும் படகின் நிலையையும் படம் எடுத்து வையுங்கள். பொறுப்புத் துறப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று நினைத்து எல்லாம் முடிந்ததாகக் கருத வேண்டாம். மிக மோசமான அலட்சியத்துக்குப் பொதுவாக அது கவசமாவதில்லை.

விபத்து நேர்ந்தால்

ஒருவர் விழுந்தால் எஞ்சினை நிறுத்தி, மிதவையை வீசுங்கள். காப்பாற்ற நினைத்து நீங்களும் குதிக்காதீர்கள். 911ஐ அழையுங்கள். விபத்தில் சிக்கிய படகின் ஓட்டுநர் நின்று உதவியே ஆக வேண்டும். முதலுதவிக்கு மேல் சிகிச்சை தேவைப்படும் காயமோ, ஒருவர் காணாமல் போவதோ, 24 மணி நேரத்துக்குள் மரணமோ நேர்ந்தால், ஓட்டுநர் 48 மணி நேரத்துக்குள் மாநிலப் படகு அதிகாரிகளிடம் எழுத்துப்பூர்வ அறிக்கை தர வேண்டும். 2,000 டாலரோ அதற்கு மேலோ பொருட்சேதம் மட்டும் என்றால் 10 நாள் அவகாசம்.

நடுவண் கடல்சார் சட்டம் பொருந்தும் நீர்நிலைகளில், காயத்துக்கும் மரணத்துக்கும் மூன்று ஆண்டுக்குள் வழக்குத் தொடரலாம். ஆனால் 1851ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று படகு உரிமையாளருக்கு இன்றும் உதவுகிறது. தவறு தனக்குத் தெரியாமல் நடந்தது என்று நிறுவினால், விபத்துக்குப் பின் படகுக்கு உள்ள மதிப்போடு தன் பொறுப்பைச் சுருக்கிக்கொள்ள அவர் நீதிமன்றத்தைக் கேட்கலாம். அப்படிக் கேட்டால், பாதிக்கப்பட்டவர்கள் நீதிமன்றம் விதிக்கும் குறுகிய கெடுவுக்குள் உரிமை கோரவேண்டும். அதனால் மருத்துவச் சீட்டுகளையும் சாட்சிகளின் தொலைபேசி எண்களையும் சேர்த்துக்கொண்டு தாமதிக்காமல் வழக்கறிஞரைப் பாருங்கள். உயிரிழப்பு நேர்ந்தால், ஊருக்கு உடலைக் கொண்டுசெல்லும் ஆவணங்களுக்கு இந்தியத் தூதரகத்தை அணுகலாம்.

இழப்பீடு கிடைத்தாலும் போனவர் திரும்பமாட்டார். சாவி உங்கள் கைக்கு வந்ததும் பாட்டி முதல் பேரன் வரை எல்லோரும் லைஃப் ஜாக்கெட் மாட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். யாராவது மறுத்தால் எஞ்சினைக் கிளப்பாதீர்கள். அப்படிச் சொல்லும் அதிகாரமும் கடமையும் அன்று உங்களுக்குத்தான்.