கோடையில் ஒளியும் கார்த்திகைப்பூ

கோடையில் இலுப்பைக்கடவை போன்ற வறண்ட கரையோர மண்ணில் கார்த்திகைப்பூச் செடி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது கடினம். தண்டும் இலையும் காய்ந்து மறைந்திருக்கும். உயிர் முழுவதும் மண்ணுக்கடியில் ஒரு கிழங்கில். மாரிமழை பிடித்ததும் முளைவிட்டு, பற்றையையும் கிளுவை வேலியையும் பற்றி ஆளுயரத்துக்கு மேலும் ஏறி, கார்த்திகையில் பூத்துவிடும். ஏறுவதற்கெனத் தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது. இலையின் நுனியே நீண்டு சுருண்டு பக்கத்துக் குச்சியைச் சுற்றிக்கொள்ளும்.

பூவைக் கிட்ட நின்று பாருங்கள். தலைகுனிந்த மொட்டு விரியும்போது ஆறு இதழ்களும் பின்னே மடிந்து மேலெழும். முதலில் பச்சை, பிறகு மஞ்சள், சில நாளில் சிவப்பு. சூல்தண்டு அடியிலேயே செங்கோணமாக மடங்கிப் பூவுக்கு வெளியே நீட்டி நிற்கும். தன் மகரந்தம் தன்மேலேயே விழாதிருக்க இப்படியோர் ஏற்பாடு! அயல்பூவின் மகரந்தத்தை வண்ணத்துப்பூச்சியும் தேன்சிட்டும் கொண்டுவர வேண்டும். தமிழ்நாட்டின் மூலனூர்ப் பக்கத்தில் விதைக்காகப் பயிரிடுவோர் அந்த வேலையைக் கையாலேயே செய்கிறார்கள்.

விதையிலும் கிழங்கிலும் இருப்பது கொல்சிசின் என்ற நஞ்சு. இலையுதிர்காலத்தில் பூக்கும் ஐரோப்பிய உறவுச்செடி ஒன்றிலிருந்து பிரெஞ்சு வேதியியலாளர்கள் பெல்தியேயும் கவாந்துவும் 1820இல் பிரித்தெடுத்த பொருள். கலம் இரண்டாகும்போது நிறமூர்த்தங்களை இழுத்துப் பிரிக்கும் நுண்குழாய்களை இது உருவாகவிடாது. 1937இல் இதைக்கொண்டு தாவரங்களின் நிறமூர்த்தங்களை இரட்டிப்பாக்கினார்கள். விதையில்லாத வத்தகப்பழம் அந்த வழியில் வந்தது. சிற்றளவில் கவுட் மூட்டுவலிக்கு மருந்து. அளவு மிஞ்சினால் உடலெங்கும் புதுக்கலம் பிறப்பது நின்று உயிரே போகும். வத்தாளங்கிழங்கு என்று எண்ணி இந்தக் கிழங்கைத் தின்றவர்கள் இலங்கையில் மாண்டிருக்கிறார்கள். அவித்தாலும் நஞ்சு போகாது.

வீட்டில் வளர்க்க விரும்பினால் கிழங்கை மிகுந்த கவனத்தோடு கையாளுங்கள். கலப்பைபோல் இரு கவராகப் பிரிந்த அதில், ஒவ்வொரு கவரின் நுனியிலும் ஒரேயொரு முளைதான் உண்டு. நுனி முறிந்தால் அந்தக் கவர் முளைக்காது. மணல் கலந்த மண்ணில் நாலு விரல் ஆழத்தில் படுக்கவைத்து, முளை வருமுன்பே கொழுகொம்பு நட்டுவிட வேண்டும். தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். இலை மஞ்சளித்ததும் நீர் விடுவதை நிறுத்துங்கள். பழைய கிழங்கு வற்றி, அதனிடத்தில் புதியது திரண்டிருக்கும், அது உறங்கட்டும். காய் வெடித்தால் உள்ளே செம்மஞ்சள் விதைகள் பளிச்சென்று தெரியும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீடென்றால் அதற்கு முன்பே காயைக் கையுறை போட்டுப் பறித்துவிடுங்கள்.