வெளிநாட்டிலிருந்து பைக் பார்ட்ஸ்: ஆர்டர் கொடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை

கம்ப்யூட்டர் வாங்கி இன்டர்நெட் இணைப்பும் கொடுத்தாயிற்று. அடுத்து பலரும் செய்வது, உள்ளூரில் கிடைக்காத பொருளைத் தேடுவதுதான். யானைக்கவுனியில் உள்ள என் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்கு வருபவர்களில் பழைய பைக் வைத்திருப்பவர்கள் கணிசம். "சார், இந்த பார்ட் ஜப்பானில் இருக்கிறது, இங்கிலாந்தில் இருக்கிறது. வாங்கித் தர முடியுமா?" என்று கேட்பார்கள். வாங்குவது எளிது. அது வீடு வந்து சேருவதில்தான் சிக்கல்.

வெளிநாட்டு பைக் பார்ட்ஸ் வடசென்னைக்குப் புதிதல்ல. 1955-ல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் இருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் புல்லட்டின் பாகங்கள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தன. இங்கே அவற்றைப் பூட்டினார்கள். பிறகு திருவொற்றியூர் தொழிற்சாலையிலேயே எல்லாம் தயாராயிற்று. அன்று கம்பெனி பார்த்துக்கொண்ட கப்பல், கஸ்டம்ஸ், காகித வேலைகளை இன்று தனி ஆளாக நீங்கள் பார்க்க வேண்டும்.

எனவே முதலில் புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் ஒருமுறை தேடிவிடுங்கள். அங்கே கிடைக்காவிட்டால் மட்டும் மவுஸைத் தொடுங்கள்.

பார்ட் பொருந்துமா?

பெயர் ஒன்றாக இருந்தால் பார்ட்டும் ஒன்றாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். 1983-ல் எஸ்கார்ட்ஸ் வெளியிட்ட ராஜ்தூத் 350, யமஹா ஆர்.டி.350-ன் இந்திய வடிவம். ஆனால் யமஹாவில் முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக். நம் ராஜ்தூத்தில் டிரம் பிரேக். ஜப்பானிலிருந்து முன் பிரேக் சாமான் வரவழைத்தால் பூட்ட முடியாது. ராஜ்தூத்திலேயே ஹை டார்க், லோ டார்க் என்று இரண்டு வகை உண்டு. பழைய ரெட்டிச் புல்லட்டில் பிரிட்டிஷ் மரை இருக்கும் என்பதால் போல்ட்டும் நட்டும் கூட மாறும். பார்ட் நம்பரைக் கேட்டு வாங்கி, அதை கூகுளில் தட்டிப் பாருங்கள். நீளம், விட்டம், துளைகளின் இடைவெளி ஆகியவற்றை ஸ்கேல் வைத்துப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

பழையதா, புதியதா?

பலருக்கும் தெரியாத விஷயம் இது. இந்திய வெளிநாட்டு வர்த்தகக் கொள்கைப்படி, மூலதனப் பொருள் அல்லாத பழைய பொருள்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட பிரிவில் வருகிறது. அதற்கு டி.ஜி.எஃப்.டி. எனப்படும் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் வந்தால், 1962-ம் ஆண்டு சுங்கச் சட்டப்படி பறிமுதல் செய்யலாம். மீட்புத் தொகையும் அபராதமும் கட்டிப் பொருளை எடுக்கச் சொல்லவும் செய்யலாம்.

திருவொற்றியூரைச் சேர்ந்த என் வாடிக்கையாளர் ஒருவர், அப்பா ஓட்டிய வண்டியை மீண்டும் ஓட வைக்க ஒரு ஜோடி பழைய சைலன்சர் வரவழைத்தார். விற்றவர் பில்லில் 'பழையது' என்று உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தார். பார்சல் கஸ்டம்ஸில் நின்றது. அனுமதிக் கடிதம் கேட்டார்கள், அவரிடம் இல்லை. கடைசியில் வரி, மீட்புத் தொகை, அபராதம் மூன்றும் சேர்ந்து சைலன்சரின் விலையைத் தாண்டியது. விற்றவர் பொய் சொல்லவில்லை. வாங்கியவருக்கு விதி தெரிந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு ஒரு வழி உண்டு. பழைய மாடலுக்கானது, ஆனால் யாரும் பயன்படுத்தாமல் கிடங்கில் இருந்த பார்ட்டும் கிடைக்கிறது. புதிதாக வார்த்து விற்கும் நகல் பார்ட்டும் கிடைக்கிறது. இவை பழைய பொருள் ஆகாது. விலை சற்று அதிகம்தான். ஆனால் பில்லில் 'புதியது, பயன்படுத்தாதது' என்று இருக்கும், கவலை இல்லை. பழையதைப் புதியது என்று எழுதி வாங்குவது மட்டும் கூடாது. அது பொய்த் தகவல்.

'கிஃப்ட் என்று போட்டு அனுப்பட்டுமா?' என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். தபாலிலும் கூரியரிலும் கிஃப்ட் என்ற பெயரில் பொருள் வருவது 2019 டிசம்பரிலேயே தடை செய்யப்பட்டுவிட்டது. ராக்கிக்கும் உயிர் காக்கும் மருந்துகளுக்கும் மட்டுமே விலக்கு.

அனுப்பும் செலவு

கூரியர் நிறுவனங்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் அளவையும் பார்க்கின்றன. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பது பொதுவான முறை. 100 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரமுள்ள சைலன்சர் பெட்டிக்கு இந்தக் கணக்கு 12 கிலோ காட்டும். உண்மை எடை 4 கிலோதான் என்றாலும் 12 கிலோவுக்குத்தான் பணம்.

கார்புரேட்டர், பெட்ரோல் டேங்க், இன்ஜின் ஆகியவற்றில் சொட்டு பெட்ரோல் இருந்தாலும் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். வாசனை வந்தாலே திருப்பி அனுப்பிவிடுவார்கள். முழுவதும் காலி செய்து கழுவி அனுப்பச் சொல்லுங்கள். கேஸ் அடைத்த ஷாக் அப்சார்பரும் பேட்டரியும் ஆபத்தான பொருள் பட்டியலில் வருபவை.

இன்ஜின் போன்ற கனமான பொருளைக் கப்பலில், பிறர் சரக்கோடு ஒரே கன்டெய்னரில் அனுப்புவார்கள். துறைமுகம் நமக்கு அருகில்தான். ஆனாலும் சரக்கு நேராக உங்கள் கைக்கு வராது. கன்டெய்னர் நிலையத்தில் இறக்கி, ஏஜென்ட்டிடம் டெலிவரி ஆர்டர் வாங்கி, பில் ஆஃப் என்ட்ரி போட்டு எடுக்க வேண்டும். இலவச நாட்கள் முடிந்ததும் வாடகை ஏறும். கஸ்டம்ஸ் புரோக்கரின் கட்டணத்தை முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

வரி எவ்வளவு?

பொருளின் விலையோடு அனுப்பும் செலவும் இன்சூரன்ஸும் சேர்த்துத்தான் வரி. விமானத்தில் வந்தால், நீங்கள் எவ்வளவு கொடுத்திருந்தாலும் அனுப்பும் செலவாக விலையில் 20 சதவீதத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது. இன்சூரன்ஸ் தொகை தெரியாவிட்டால் 1.125 சதவீதம் சேர்ப்பார்கள்.

பார்ட் 10,000 ரூபாய், விமானச் செலவு 4,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வரிக்கான மதிப்பு 10,000 + 2,000 + 112.50 = 12,112.50 ரூபாய். ஒரு பேச்சுக்கு அடிப்படை வரி 15 சதவீதம் என்றால் 1,817 ரூபாய். அந்த வரியின் மேல் 10 சதவீதம் சமூகநலக் கூடுதல் வரி 182 ரூபாய். இவை எல்லாம் சேர்ந்த தொகைக்கு ஐ.ஜி.எஸ்.டி. 18 சதவீதம் என்றால் 2,540 ரூபாய். ஆக வரி மட்டும் சுமார் 4,540 ரூபாய். 10,000 ரூபாய் பார்ட் 18,500 ரூபாய்க்கு மேல் போய்விட்டது. கூரியரின் சேவைக் கட்டணம் தனி. சதவீதங்கள் பட்ஜெட்டில் மாறும் என்பதால், ஆர்டர் கொடுக்கும் நாளில் உள்ளதை சி.பி.ஐ.சி. வெப்சைட்டில் பாருங்கள். இந்தக் கணக்கை எக்ஸெல்லில் ஒருமுறை போட்டு வைத்தால் பிறகு எண்களை மட்டும் மாற்றினால் போதும்.

டிராக்கிங் நம்பர் சரியா?

வெளிநாட்டுத் தபாலின் டிராக்கிங் நம்பரில் முதலில் 2 எழுத்து, பிறகு 9 இலக்கம், கடைசியில் 2 எழுத்து இருக்கும். கடைசி எழுத்துகள் அனுப்பிய நாட்டைக் காட்டும். ஜப்பான் என்றால் ஜே.பி., பிரிட்டன் என்றால் ஜி.பி. ஒன்பதாவது இலக்கம் சோதனை எண். முதல் 8 இலக்கங்களை வரிசையாக 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகையை 11-ஆல் வகுத்து, மீதியை 11-லிருந்து கழியுங்கள். வருவதுதான் ஒன்பதாவது இலக்கம். விடை 10 வந்தால் 0 என்றும், 11 வந்தால் 5 என்றும் கொள்ள வேண்டும். உதாரணமாக 12345678 என்றால் கூட்டுத்தொகை 204, மீதி 6, சோதனை எண் 5. விற்றவர் தந்த நம்பரில் இது ஒத்து வராவிட்டால், அது தப்பாக டைப் செய்தது அல்லது சும்மா கொடுத்தது.

கஸ்டம்ஸ் பெயரில் மோசடி

'உங்கள் பார்சல் கஸ்டம்ஸில் நிற்கிறது, உடனே பணம் அனுப்புங்கள்' என்று எஸ்.எம்.எஸ். வரலாம். பார்சலுக்காகக் காத்திருப்பவர் அவசரத்தில் லிங்க்கைக் கிளிக் செய்துவிடுவார். அங்கேதான் ஆபத்து. தனிநபர் கணக்குக்கோ யு.பி.ஐ. நம்பருக்கோ கஸ்டம்ஸ் வரி கட்டச் சொல்லாது. 2019 நவம்பர் முதல் அவர்களின் கடிதங்களில் டின் எனப்படும் ஆவண அடையாள எண் இருக்கும். அது உண்மையா என்பதை சி.பி.ஐ.சி. வெப்சைட்டிலேயே சரிபார்க்கலாம். வந்த லிங்க்கைத் தொடாமல், கூரியரின் வெப்சைட் முகவரியை நீங்களே டைப் செய்து பாருங்கள்.

கடைசியாக ஒன்று. விற்பனைப் பக்கம், படங்கள், பில், விற்பவருடன் பேசிய மெசேஜ்கள் அனைத்தையும் பி.டி.எஃப். ஆக மாற்றி ஒரே ஃபோல்டரில் சேமித்து வையுங்கள். பொருள் விற்றதும் அந்தப் பக்கம் மறைந்துவிடலாம். கஸ்டம்ஸ் விலைக்கு ஆதாரம் கேட்டாலும், உடைந்து வந்ததற்குப் பணத்தைத் திரும்பக் கேட்டாலும், உங்கள் கையில் இருக்கப்போவது அந்த ஃபோல்டர்தான்.